நடப்பவர்களும் வழி காப்பவர்களும்

1921 அக்டோபரில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில் பென்டன் மக்காய் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. மக்காய் காட்டியல் படித்தவர். அரசின் வனத்துறையிலும் தொழிலாளர் துறையிலும் பணியாற்றியவர். அந்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய மனைவி ஜெஸ்ஸி தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். பெண்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் ஜெஸ்ஸி. துயரத்தில் இருந்த மக்காயை அந்த இதழின் ஆசிரியர் நியூ ஜெர்சியில் இருந்த தன் பண்ணை வீட்டுக்கு அழைத்துத் தங்க வைத்தார். அந்தக் கோடையில் உருவானதுதான் கட்டுரை. நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் மலைக்கும் வட கரோலினாவின் மிட்செல் மலைக்கும் இடையே, அப்பலாச்சிய மலைத்தொடரின் முகடுகளைத் தொட்டுச் செல்லும் நீண்ட நடைபாதை ஒன்றை அமைக்க வேண்டும் என்று அதில் அவர் கேட்டார்.

பாதை அவர் திட்டத்தின் தொடக்கம் மட்டுமே. பாதையோரத்தில் ஒரு நாள் நடைக்கு ஒன்றாகத் தங்குமிடங்கள், அவற்றை ஒட்டிச் சமூக முகாம்கள், பிறகு உணவும் விறகும் விளைவிக்கும் பண்ணை முகாம்கள் என்று படிப்படியாக அது வளர வேண்டும். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் தேய்ந்துபோன கிழக்குக் கரையோர நகரத்து மக்கள் சில வாரங்கள் அங்கே வந்து தங்குவார்கள். விரும்புகிறவர்கள் திரும்பிப் போகாமல் அங்கேயே கூட்டுறவு முறையில் வாழத் தொடங்குவார்கள். நிலத்தை வைத்து யாரும் லாபம் பார்க்கக் கூடாது. இயற்கை அழகுக்கு இந்தத் திட்டத்தில் இடம் உண்டு என்றாலும் அதன் அடியில் ஓடுவது ஒரு சமூகக் கேள்வி: போட்டியால் இயங்கும் வாழ்க்கைக்கு வெளியே மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி இருப்பார்கள்?

பண்ணை முகாம் ஒன்றுகூட எழவில்லை. பாதை மட்டும் எழுந்தது. இன்று ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அப்பலாச்சியன் ட்ரெயில் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் சில ஆயிரம் பேர் இதை முழுவதும் ஒரே தொடர்ச்சியாக நடந்து முடிக்கும் எண்ணத்தோடு கிளம்புகிறார்கள். அதற்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார். மற்றவர்களைக் காயமோ, பணத் தட்டுப்பாடோ, நாள்கணக்கில் விடாத மழையோ, வீட்டு நினைவோ பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனிமையையும் காட்டையும் முன்னிறுத்துகிறார்கள். பயணக் குறிப்புகளையும் நினைவுக் குறிப்புகளையும் தொடர்ந்து படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. காட்டுக்காகக் கிளம்பியவர்கள் முடிவில் மனிதர்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறார்கள். மக்காய் கனவு கண்ட சமூகம் அவர் வரைந்த வடிவில் வரவில்லை. ஆனால் வந்திருக்கிறது, இரண்டு அடுக்குகளாக. ஒன்று, நடக்கிறவர்களின் சமூகம். அது ஓராண்டுப் பருவத்தில் கூடிக் கலைகிறது. மற்றொன்று, வழியைக் காக்கிறவர்களின் சமூகம். அது நூறாண்டாகத் தொடர்கிறது. முதலாவதன் புகழ் இரண்டாவதை மறைத்துவிடுகிறது என்பது என் குறை.

பாதையை உண்மையில் தரையில் இறக்கியவர் மக்காய் இல்லை. 1925இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு ஒன்று அப்பலாச்சியன் ட்ரெயில் கான்பரன்ஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. 2005இல் அது கன்சர்வன்சி என்று பெயரை மாற்றிக்கொண்டது. தொடக்கச் சில ஆண்டுகளில் பேச்சு இருந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை. பிறகு வந்தார் மைரன் ஏவரி, மெய்ன் மாநிலத்தில் பிறந்து வாஷிங்டனில் இருந்த கடல்சார் சட்ட வழக்கறிஞர். 1931 முதல் 1952 வரை தலைவராக இருந்தார். சைக்கிள் சக்கரத்தில் அளவுகருவி பொருத்திய ஒன்றைத் தள்ளிக்கொண்டு மலை மலையாக நடந்து தூரம் குறித்தார்; மாநிலம் மாநிலமாக நடையர் சங்கங்களை உருவாக்கினார், கடிதம் எழுதியே அவற்றை விரட்டி வேலை வாங்கினார். பாதை முழுதாக வெட்டி முடிவதற்கு முன்பே, 1936இல் அதன் முழுத் தூரத்தையும், பகுதி பகுதியாகத்தான் என்றாலும், நடந்து முடித்த முதல் மனிதர் அவரே.

ஏவரிக்கு மக்காயின் தத்துவத்தில் பொறுமை இல்லை. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் மலைமுகட்டின் மேலேயே கார்கள் போகும் சாலையை அரசு போட்டபோது இருவரும் மோதிக்கொண்டார்கள். பாதையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு மேலே போகலாம் என்றார் ஏவரி. முகட்டில் சாலை வந்தால் பாதைக்கு அர்த்தமே இல்லை என்றார் மக்காய். 1935இல் உறவு முறிந்தது. அதே ஆண்டு மக்காய், ஆல்டோ லியோபோல்ட் போன்றவர்களோடு சேர்ந்து வனங்களைக் காக்கும் வில்டர்னஸ் சொசைட்டியை நிறுவினார். 1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்ன் மாநிலத்தில் இரண்டு சிகரங்களுக்கு இடையே கடைசித் துண்டு வெட்டப்பட்டுப் பாதை முழுமையடைந்தது. வெட்டியவர்கள், பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு தொடங்கிய வனப்பணிப் படையினர்.

இந்த மோதலில் யார் பக்கம் நிற்பது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் பேசுகிறார்கள். கொள்கையில் என் மனம் மக்காயோடு போகிறது. ஆனால் மனிதர்களை ஓர் இடத்தில் சேர்த்து, கையில் கோடரி கொடுத்து, ஆண்டுக்காண்டு திரும்பி வர வைத்தவர் ஏவரி. சமூகத்தைப் பற்றி அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, உருவாக்கியது அவர்தான்.

முழுப் பாதையையும் ஒரே தொடர்ச்சியாக ஒருவர் நடப்பார் என்று அவர்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் துண்டு துண்டாக நடப்பதற்குத்தான் பாதை. 1948இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஏர்ல் ஷாஃபர் அதை மாற்றினார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்தவர். சேர்ந்து நடப்போம் என்று பேசிவைத்திருந்த நெருங்கிய நண்பர் ஐவோ ஜிமா போரில் இறந்துபோனார். போரைத் தன் உடம்பிலிருந்து நடந்தே வெளியேற்றுவது என்று ஷாஃபர் முடிவு செய்து தெற்கிலிருந்து வடக்கே 124 நாட்களில் நடந்தார். பாதை அமைப்பினர் முதலில் நம்பவில்லை. குறிப்பேட்டையும் புகைப்படங்களையும் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே ஏற்றார்கள்.

1955இல் எம்மா கேட்வுட். ஒஹாயோவைச் சேர்ந்தவர், வயது 67, பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணவரின் அடியைத் தாங்கி, பிறகு விவாகரத்துப் பெற்றவர். சும்மா கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்ற அளவில்தான் வீட்டில் சொன்னார். கான்வாஸ் ஷூ, தானே தைத்த ஒரு துணிப்பை, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைப் பிளாஸ்டிக் திரை. முந்தைய ஆண்டு வடமுனையில் தொடங்கி, வழி தவறி, கண்ணாடி உடைந்து திரும்பியிருந்தார். இந்த முறை தெற்கிலிருந்து தொடங்கி முடித்துவிட்டார். 1957இல் மறுபடியும் நடந்தார். 1964இல் மூன்றாவது முறையும் முழுத் தூரத்தையும் பூர்த்தி செய்தபோது, மூன்று முறை முடித்த முதல் மனிதர் ஆனார். பாதையில் தங்குமிடம் இல்லாத இடங்களில் அவர் வீடுகளின் கதவைத் தட்டினார். சிலர் உள்ளே அழைத்துச் சோறு போட்டார்கள். சிலர் துரத்தினார்கள். இலை தழைகளைக் குவித்து அதன் மேலும் படுத்திருக்கிறார்.

மக்காய், ஷாஃபர், கேட்வுட் மூவருமே வாழ்க்கையின் ஓர் அறையிலிருந்து வெளியேறி அடுத்த அறைக்குள் நுழையாமல் வாசலில் நின்றவர்கள். இன்றும் முழுப் பாதை நடக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான்: கல்லூரி முடித்து வேலைக்குப் போகாத இளைஞர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலையை விட்டவர்கள், மணமுறிவு கண்டவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள். ஷாஃபரின் முன்மாதிரியைப் பின்பற்றி, கடற்படைக் காலாட்படையில் இருந்த ஷான் கோபின் 2012இல் பாதையை நடந்து முடித்த பின், போரிலிருந்து திரும்பியவர்களை நீண்ட நடைக்கு அனுப்ப ஓர் அமைப்பே தொடங்கினார்.

வாசலில் நிற்கும் இந்த நிலையை மானிடவியல் நன்கு அறியும். விக்டர் டர்னர் சடங்குகளைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில், பழைய நிலையை விட்டுப் புதிய நிலையை அடையாத இடைக்காலத்தில் மனிதர்களுக்கிடையே பதவியும் படிநிலையும் கரைந்து ஒரு தோழமை பிறக்கிறது என்றார். அதற்குக் கம்யூனிடாஸ் என்று பெயரிட்டார். பின்னர் தன் மனைவி ஈடித்தோடு சேர்ந்து புனித யாத்திரைகளுக்கும் அதைப் பொருத்திப் பார்த்தார். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதே சமயம், மானிடவியலாளர் ஐராவதி கர்வே மகாராஷ்டிரத்தின் பண்டரிபுர யாத்திரையில் தானே நடந்து எழுதிய கட்டுரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு ஒரே வழியில் நடந்தவர்கள், சாப்பாட்டு வேளை வந்ததும் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததைக் கர்வே வலியோடு பதிவு செய்தார். தோழமை பிறக்கிறது என்பதும் உண்மை, அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை.

டர்னரின் கருத்து எனக்குப் பாதி விளக்கமாகவே படுகிறது. மீதிப் பாதி பாதையின் அமைப்பில் இருக்கிறது. கட்டாடின் மலை இருக்கும் பூங்காவில் முகாமிடும் காலம் அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். ஆகவே வடக்கு நோக்கி நடப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் ஜார்ஜியாவிலிருந்து கிளம்பியாக வேண்டும். பாதை ஒற்றைக் கோடு, திசை ஒன்று, வாரங்கள் ஒன்று. மூன்று பக்கம் சுவரும் முன்பக்கம் திறப்புமாக, சராசரி 13 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் 250க்கும் மேற்பட்ட தங்குமிடங்கள். தண்ணீர் கிடைக்கும் இடங்களும் அவற்றையொட்டியே. உணவு வாங்க நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊருக்கு இறங்க வேண்டும். வேகமாக நடப்பவர் ஊரில் ஒரு நாள் படுத்துக் கிடப்பார். அதற்குள் மெதுவாக நடப்பவர் வந்து சேர்ந்துவிடுவார். இப்படி ஓர் ஐம்பது, நூறு பேர் சங்கிலியாக ஒருவரையொருவர் முந்தியும் பிந்தியும் மாதக்கணக்கில் சந்தித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே தெருவால் ஆன கிராமம் நகர்ந்துகொண்டே போவது போல. நகரத்தில் ஒரே அடுக்ககத்தில் பத்தாண்டு வாழ்ந்தும் பக்கத்து வீட்டுக்காரரை அறியாதவர்கள் இங்கே மூன்றே வாரத்தில் ஒருவர் குறட்டையை வைத்து ஆளைச் சொல்கிறார்கள். ஆக, இந்தத் தோழமை வெறும் மனநிலையால் வருவதில்லை. பருவமும் தூரமும் தண்ணீரும் சேர்ந்து அதைக் கட்டாயமாக்குகின்றன.

இந்த நகரும் கிராமத்துக்குத் தன் வழக்கங்கள் உண்டு. முதலில் பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதைப்பெயர் இருக்கும். பெரும்பாலும் மற்றவர்கள் வைப்பது. தவறிச் செய்த காரியமோ, தின்ற பண்டமோ, போட்ட தொப்பியோ பெயராகிவிடும். மாதக்கணக்காகச் சேர்ந்து நடந்தவர்களுக்கு ஒருவரின் உண்மைப் பெயரும் தெரியாது, என்ன வேலை பார்த்தார் என்பதும் தெரியாது. எல்லோரிடமும் ஒரே நாற்றம், எல்லோர் பையிலும் அதே நூடுல்ஸ். வழக்கறிஞரையும் லாரி ஓட்டுநரையும் பிரித்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்தது பதிவேடு. தங்குமிடங்களில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் கிடக்கும். வந்தவர்கள் தேதி போட்டு ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள்: அடுத்த ஊற்று வற்றிவிட்டது, கரடி வந்தது, முழங்கால் வலிக்கிறது, இன்னார் பின்னால் வந்தால் ஊரில் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டு நாள் முன்னால் போகும் ஒருவரை முகம் பார்க்காமல் கையெழுத்தாலேயே அறிந்து, அவர் நகைச்சுவைக்குச் சிரித்து, ஒரு மாதம் கழித்து ஏதோ ஒரு சலவைக்கடை வாசலில் நேரில் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசி வந்த பிறகும் நோட்டு போகவில்லை. காணாமல் போனவரைத் தேடும்போது அவர் கடைசியாக எங்கே இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு கொடை. சாலையைப் பாதை கடக்கும் இடத்தில் ஐஸ் பெட்டி நிறையக் குளிர்பானங்களை யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சிலர் அடுப்போடு வந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அப்பமும் முட்டையும் சுட்டுக் கொடுப்பார்கள். நனைந்து நிற்கும் அந்நியரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊரில் விடுவார்கள். செய்பவரை டிரெயில் ஏஞ்சல் என்றும் செய்ததை டிரெயில் மேஜிக் என்றும் அழைக்கிறார்கள். விடுதிகளில் ஒரு பெட்டி இருக்கும். தனக்கு வேண்டாத உணவையும் பொருளையும் ஒருவர் போட்டுவிட்டுப் போவார், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கணக்கு எழுத யாரும் இல்லை. முழுத் தூரம் முடித்தவர்களின் பட்டியலை வைத்திருக்கும் கன்சர்வன்சிகூட இன்று ஆதாரம் கேட்பதில்லை. நடந்தேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. ஷாஃபரைக் குறுக்கு விசாரணை செய்த அமைப்பு இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சொல்லை நம்பிப் பெயர் பதிந்திருக்கிறது. விலையும் ரசீதும் இல்லாமல் ஓர் உறவு ஓடும் என்று மக்காய் நம்பியதற்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் இந்த வரலாற்றில் பார்க்கவில்லை.

கொடைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பாதை அனுபவத்தில் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்தப் பாதையைப் பற்றிய பில் பிரைசனின் பயண நூல் 1998இல் வந்த பிறகு கூட்டம் பெருகியது. பெரிய விருந்துகள் வைத்த இடங்களில் ஆட்கள் குவிந்து, புல் மிதிபட்டு, குப்பை சேர்ந்து, கரடிகள் மனித உணவுக்குப் பழகின. நெரிசலான தங்குமிடங்களில் வாந்திபேதி தொற்றியது. உணவைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள், கூடவே இருந்து கொடுங்கள், மிச்சத்தை எடுத்துச் செல்லுங்கள் என்று கன்சர்வன்சி விதிமுறைகள் எழுத வேண்டியதாயிற்று. கட்டாடின் பூங்காவின் நிலைமை இன்னும் தீவிரமானது. மெய்ன் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர் தன் சொந்தப் பணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் துண்டு துண்டாக நிலம் வாங்கி, என்றும் காடாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாநிலத்துக்குக் கொடுத்த பூங்கா அது. ஐந்து மாதம் நடந்து வந்தவர்கள் உச்சியில் மது அருந்திக் கொண்டாடுவதும், பெருங்கூட்டமாக ஏறுவதும் பூங்கா நிர்வாகத்தைக் கோபப்படுத்தின. இப்படியே போனால் பாதையின் முடிவிடத்தை எங்கள் மலையிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்னும் அளவுக்குப் பேச்சு போனது. 2016 முதல் நீண்ட தூரம் நடந்து வருகிறவர்கள் அனுமதி அட்டை பெற்றாக வேண்டும். பூங்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. தன் ஆட்களிடம் அன்பாக இருக்கும் ஒரு கூட்டம், தான் மிதித்துச் செல்லும் இடத்திடம் பொறுப்பற்று இருக்க முடியும்.

இந்தக் கிராமத்துக்குள் யார் வர முடிகிறது என்பது அதைவிடக் கனமான கேள்வி. அரை ஆண்டு சம்பளமின்றி இருக்க வேண்டும், கையில் சில ஆயிரம் டாலர் வேண்டும். அதைத் தாண்டியும் தடைகள் உண்டு. பாதை ஊடறுத்துச் செல்லும் ஷெனன்டோவா பூங்காவில் 1930களின் இறுதியில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு முகாமிடம் ஒதுக்கப்பட்டது. 1950 வாக்கில்தான் அந்தப் பிரிவினை முழுவதும் நீங்கியது. எரித்ரிய அமெரிக்க எழுத்தாளர் ரஹாவா ஹைல் 2016இல் முழுப் பாதையையும் நடந்தார். கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சுமந்து சென்று தங்குமிடங்களில் விட்டுவந்தார். மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரை முக்கியமானது. பாதையில் நடந்தவர்களிடம் தனக்குக் கிடைத்த தோழமையை அவர் மறைக்கவில்லை. பாதையை விட்டு ஊருக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி பறக்கும் வீடுகளைக் கடந்து போனதையும் எழுதினார். ஊர் என்றாலே மற்ற நடைக்காரர்களுக்குக் குளியலும் சாப்பாடும். அவருக்கு அங்கேதான் அச்சம். கர்வே பண்டரிபுர வழியில் கண்டதும் இதுவும் ஒன்றல்ல, ஆனாலும் இரண்டையும் சேர்த்து வைத்தால் டர்னரின் தோழமைக்குள் எல்லோரும் ஒரே விலை கொடுத்து நுழைவதில்லை என்பது தெரியும்.

நிலத்துக்கும் முன்கதை உண்டு. ஷெனன்டோவா பூங்காவுக்காக 1930களில் நூற்றுக்கணக்கான மலைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பாதையின் மிக உயரமான 2,025 மீட்டர் சிகரத்துக்குச் செரோக்கி மக்கள் வைத்திருந்த குவோஹி என்ற பெயர், ஓர் அமெரிக்க அரசியல்வாதியின் பெயருக்குப் பின்னால் நெடுங்காலம் மறைந்திருந்து, 2024இல்தான் அரசு வழியில் திரும்பி வந்தது.

தோழமையின் இன்னோர் எல்லை வெறும் தூரம் சம்பந்தப்பட்டது. 2013 ஜூலையில் மெய்ன் காட்டில் 66 வயதுப் பெண் ஒருவர் பாதையை விட்டுச் சற்று விலகிப் போனார். திரும்பும் வழி தெரியவில்லை. அனுப்பிய குறுஞ்செய்திகள் சமிக்ஞை இல்லாமல் போய்ச் சேரவில்லை. பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. 2015 அக்டோபரில் அவர் கூடாரமும் உடலும் குறிப்பேடும் கிடைத்தபோது, வழி தவறிய பிறகு மூன்று வாரங்களுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. இடம், பாதையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். முந்தைய இரவு தங்குமிடத்தில் உடனிருந்தவர்கள் அவரை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். பாதையின் மேல் இருக்கும்வரை ஒருவரை எத்தனையோ கண்கள் காக்கின்றன. அந்த ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளியே காடு மட்டுமே.

அந்த ஒரு மீட்டர் தானாக இருப்பதில்லை. கிழக்கு அமெரிக்காவின் மழைக்காடு போன்ற அடர்த்தியில், யாரும் தொடாமல் விட்டால் சில கோடைகளில் பாதை முள்ளிலும் புதரிலும் மூழ்கிவிடும். சுமார் 30 சங்கங்கள் பாதையைத் தங்களுக்குள் பிரித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. சங்கத்துக்குள் ஒவ்வொரு சில கிலோமீட்டரும் ஓர் ஆளின் பொறுப்பு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து செலவிடும் நேரம் இரண்டு லட்சம் மணி அளவில் இருக்கும். குளிர்காலம் முடிந்ததும் விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளுகிறார்கள். மழைநீர் பாதையிலேயே ஓடி அதை ஓடையாக்கிவிடாதபடி குறுக்கே கல்லும் மரமும் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். செங்குத்தான இடங்களில் பாறைகளைக் கடப்பாரையால் உருட்டிப் படி அமைக்கிறார்கள். கழிப்பறைகளைக் கிளறி மட்கச் செய்கிறார்கள். மரங்களில் ஐந்து சென்டிமீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் தீட்டிய வெள்ளைக் குறிகளை மறுபடி தீட்டுகிறார்கள். முழுப் பாதையிலும் அந்தக் குறிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மூடுபனியில் நிற்கும் ஒரு நடைக்காரருக்கு அடுத்த வெள்ளைக் குறி தென்படுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தூரிகை பிடித்த கையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

பாதை காகிதத்திலும் காக்கப்பட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பெரும்பகுதி தனியார் நிலத்தில், உரிமையாளரின் வாய்ச்சம்மதத்தில் ஓடியது. நிலம் கைமாறினால் பாதை சாலைக்குத் தள்ளப்பட்டது. 1968இல் தேசியப் பாதைகள் சட்டம் வந்தது, 1978இல் நிலம் வாங்கப் பணம் ஒதுக்கும் திருத்தம் வந்தது. இன்று பாதையின் 99 விழுக்காட்டுக்கும் மேல் பொதுநிலத்தில் இருக்கிறது. 1984இல் மத்திய அரசு அந்த நிலத்தின் அன்றாட நிர்வாகப் பொறுப்பில் பெரும்பகுதியைக் கன்சர்வன்சியிடமே ஒப்படைத்தது. தன்னார்வலர்களை நம்பி ஓர் அரசு இவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுப்பது அரிது. ஏவரி கடிதம் எழுதி எழுதி வளர்த்த சங்கங்கள் அரை நூற்றாண்டில் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தன.

இரண்டு சமூகங்களும் தனித்தனியே இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. நடந்து முடித்தவர்கள் பலருக்கு வீடு திரும்பியதும் ஒரு வெறுமை வருகிறது. சொந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை. நாலு சுவருக்குள் தூக்கம் வருவதில்லை. நடக்கும்போது ஒரு நாளின் வேலை தெளிவாக இருந்தது: எழு, நட, தண்ணீர் தேடு, சாப்பிடு, படு. அந்தத் தெளிவு போய்விடுகிறது. சிலர் வேறொரு நீண்ட பாதைக்குக் கிளம்புகிறார்கள்; பசிபிக் முகட்டுப் பாதை, கண்டப் பிரிகோட்டுப் பாதை இரண்டையும் சேர்த்து மூன்றையும் முடித்தவர்களுக்கென்று ஒரு பட்டமே இருக்கிறது. இன்னும் சிலர் கடப்பாரையோடு திரும்பி வருகிறார்கள். ஷாஃபர் பென்சில்வேனியாவில் பாதை வேலையில் இறங்கித் தங்குமிடங்கள் கட்டினார். 1998இல், முதல் நடைக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 79 வயதில் முழுப் பாதையையும் மறுபடி நடந்தார். கேட்வுட் தன் சொந்த ஒஹாயோவில் பக்கை ட்ரெயில் என்ற நெடும்பாதையை உருவாக்கிய முதல் குழுவில் இருந்தார், அதற்கான வழியைத் தானே போய்க் குறித்தார். அவர் தொடங்கி வைத்த குளிர்கால நடை ஒவ்வொரு ஜனவரியிலும் ஹாக்கிங் மலைகளில் இன்னும் நடக்கிறது.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி தெற்கு அப்பலாச்சிய மலைகளைத் தாக்கியது. நடைக்காரர்களின் ஆண்டு விழாவை 1987 முதல் நடத்திவரும் டமாஸ்கஸ், பாதை தெருவாகவே ஓடும் ஹாட் ஸ்பிரிங்ஸ், எர்வின் போன்ற சிற்றூர்கள் வெள்ளத்தில் சிதைந்தன. 600 கிலோமீட்டருக்கும் மேல் பாதையை மூட வேண்டியிருந்தது. சில இடங்களில் விழுந்த மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கடுக்காகக் கிடந்தன. சங்கங்களின் அறுவைக் குழுக்கள் அந்த இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வேலை செய்தன. சட்டப்படி வனமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பொதுவாக எந்திர ரம்பத்துக்கு அனுமதி இல்லை. அங்கே வழக்கமாக வேலை, இரண்டு பேர் இருபுறமும் பிடித்து இழுக்கும் நீண்ட கைரம்பத்தால்தான். 2025 வசந்தத்தில் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பியபோது மூடிக்கிடந்த தூரத்தின் பெரும்பகுதி திறந்திருந்தது.